‘டாட்ஜி’க்குத் தமிழில் என்ன? ஒரே சொல்லில் உரசிப் பார்த்த இணைய ஆங்கில அகராதிகள்

ஒரு அகராதி நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதில் எத்தனை லட்சம் சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பயனில்லை. ‘டேபிள்’, ‘பியூட்டிஃபுல்’ மாதிரியான சொற்களில் எல்லா அகராதியும் தேறிவிடும். பேச்சில் மட்டும் புழங்குகிற, பொருள் ஓரிடத்தில் நிற்காத ஒரு பெயரடையைக் கொடுத்துப் பார்த்தால்தான் தரம் தெரியும். அதற்கு ‘டாட்ஜி’ நல்ல உரைகல். எழுத்துக்கூட்டு டி-ஓ-டி-ஜி-ஒய். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அன்றாடம் காதில் விழும் சொல். நம்மூர்ப் பள்ளி ஆங்கிலத்தில் அநேகமாக வராது.

சென்னையில் இது யாருக்குத் தேவை? ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து லண்டன் கிளையன்டுக்கு வேலை செய்கிறவருக்கு, “டேட்டா கொஞ்சம் டாட்ஜியாகத் தெரிகிறது” என்று ஒரு மெயில் வரும். அவர் நம்மைத் திருடன் என்கிறாரா, கோப்பில் கோளாறு என்கிறாரா என்று புரியாமல் பதில் எழுதினால் வம்பு. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதிவிட்டு இங்கிலாந்து மருத்துவமனைக்குப் போகிற செவிலியரிடம் ஒரு பாட்டி “எனக்கு டாட்ஜி டம்மி” என்பார். வயிறு சரியில்லை என்கிறார், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் மாண்டரின் பேசும் பொறியாளர்களும் தமிழ் பேசும் சூப்பர்வைசர்களும் நடுவில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழி என்பதால், இரண்டு தரப்பும் இதே சொல்லில் வழுக்கும். அதனால் சீன மொழிக்காரருக்கு எந்தக் கருவி எவ்வளவு உதவுகிறது என்பதையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம்.

முதலில் சொல்லின் பிறவி. ‘டாட்ஜ்’ என்றால் அடி விழுமுன் சட்டென்று விலகுவது. சென்னைப் பேச்சில் ‘டபாய்க்கிறது’ என்று ஒரு சொல் இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான். அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிறந்த பெயரடை ‘டாட்ஜி’. முதலில் ‘டபாய்க்கிற, தந்திரக்கார’ என்றே பொருள். பிறகு மூன்று திசையில் கிளை விட்டது. ஆளோ பணவிவகாரமோ நேர்மையாகத் தெரியவில்லை என்பது ஒன்று. பொருளோ உடல் உறுப்போ சரியாக வேலை செய்யவில்லை, எப்போது காலை வாரும் என்று தெரியாது என்பது இரண்டு. இடமோ சூழ்நிலையோ ஆபத்தாகத் தெரிகிறது என்பது மூன்று. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே நரம்பு: நம்பிக் கால் வைக்க முடியாது, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. இந்த ‘ஆதாரமில்லாத சந்தேகம்’ என்ற பகுதியை எந்த அகராதி கொண்டுவருகிறதோ அதுவே நல்ல அகராதி. எங்கள் அளவுகோல் இதுதான்.

சோதனைக்கு ஐந்து தொடர்களை எடுத்துக்கொண்டோம். டாட்ஜி புரோக்கர், டாட்ஜி முழங்கால், டாட்ஜி ஏரியா, டாட்ஜி இறால், டாட்ஜி டேட்டா. ஒரு கற்பவர் அகராதிப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பதை மட்டும் வைத்து இந்த ஐந்துக்கும் சரியான பொருளுக்குப் போய்ச் சேர முடிகிறதா? சேர்ந்த பிறகு, இதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரிகிறதா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். பொருள் தெரிந்தும் இடம் தெரியாமல் பேசுவதால் வருகிற சேதமே அதிகம்.

முதலிடம் காலின்ஸ் தளத்தில் உள்ள கோபில்டு அகராதிக்கு. கோபில்டு 1987இல் வந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், உண்மையான பேச்சையும் எழுத்தையும் கணினியில் திரட்டி வைத்து, அதிலிருந்து பொருள் எடுத்தார்கள். இதன் தனித்தன்மை, பொருளை முழு வாக்கியமாகச் சொல்வது. “ஒருவரையோ ஒன்றையோ நீங்கள் இப்படிச் சொன்னால், அவர் நேர்மையற்றவராகத் தெரிவதால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்” என்கிற பாணி. இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. ‘தெரிவதால்’ என்ற ஒரு சொல்லிலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. பேசுகிறவரின் வெறுப்பை அடையாளம் காட்டத் தனிக்குறிப்பு வேறு போடுகிறார்கள். பிரிட்டிஷ், பேச்சுவழக்கு, ஏற்காத தொனி என்று மூன்று குறிப்பும் அருகருகே நிற்கும். முழங்கால், இதயம் போன்ற உடல் உறுப்புக்கான பொருளைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருப்பது செவிலியர்களுக்கு நேரடிப் பயன்.

காலின்ஸ் பக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒரே பக்கத்தில் கோபில்டுக்குக் கீழே வேறு இரண்டு அகராதிகளும் அடுக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று தலைப்பு வரும். அவை கற்பவருக்காக எழுதியவை அல்ல; சுருக்கமாக, இணைச்சொற்களாகப் பொருள் சொல்பவை. செல்போனில் வேகமாக உருட்டுகிறவர் விளம்பரங்களைத் தாண்டி அந்த இரண்டில் போய் நின்றுவிடுவார். மேலே கோபில்டு என்ற பெயர் இருக்கிற பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் தளம் மூன்று பொருளையும் தெளிவாக எண் போட்டுப் பிரிக்கிறது. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டுக்கும் தனித்தனி ஒலிப் பொத்தான். ஒப்பீட்டு வடிவங்களான ‘டாட்ஜியர்’, ‘டாட்ஜியஸ்ட்’ எழுத்துக்கூட்டையும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒய் போய் ஐ வரும். பொருள் விளக்கம் கோபில்டு அளவு பேசாது, ஆனால் சுத்தமாக இருக்கும். இந்த அகராதியின் வரலாறு நம்மைப் போன்றவர்களுக்கு உவப்பானது. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்தியபோது தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளியானது. 1948இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பெயரில் அச்சிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எங்கே தடுமாறுவார் என்று வகுப்பறையில் நின்று பார்த்தவர் செய்த நூல் என்பது அதன் கட்டமைப்பில் இன்றும் தெரிகிறது.

கேம்பிரிட்ஜ் அகராதியும் பொருள் பிரிப்பில் குறைவில்லை. ஐந்து தொடர்களையும் தேற்றிவிடுகிறது. பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் எச்சரிக்கை தேவை. தொகுப்பாளர்கள் பொறுக்கி எடுத்த வாக்கியங்கள் மேலே இருக்கும். கீழே ‘எடுத்துக்காட்டுகள்’ என்று தானாகத் திரட்டிய வாக்கியங்கள் வரும். அவற்றில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உரைப் பதிவுகளும் கலந்திருக்கும். நீண்டு வளைந்த அந்த வாக்கியங்களைப் பேச்சுக்கு மாதிரியாக எடுக்க வேண்டாம்.

சீன மொழிக்காரரின் வசதியைப் பார்த்துக் கொஞ்சம் ஏக்கம் வருவது கேம்பிரிட்ஜில்தான். ஆங்கிலம்–சீனம் பகுதியைத் திறந்தால், எளிய எழுத்திலும் மரபு எழுத்திலுமாக, ஒவ்வொரு பொருளுக்கும் கீழே தனித்தனியாகச் சீனச் சொல் நிற்கிறது. பல இடங்களில் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கும் மொழிபெயர்ப்பு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் கற்பவர் அகராதியும் பெய்ஜிங்கின் கமர்ஷியல் பிரஸ் வழியாக இருமொழிப் பதிப்பாகப் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கிறது. அங்கே ஒரு மாணவர் ஒரே பக்கத்தில் முடித்துக்கொள்கிற வேலையை, நம் மாணவர் மூன்று இடத்தில் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் தளத்தில் ஆங்கிலம்–தமிழ் பகுதியும் இருக்கிறது. ஆனால் அளவில் சிறியது. அடிப்படைச் சொற்களுக்கு உதவும், இதுபோன்ற பேச்சுச் சொற்களுக்கு அதை நம்பி உட்கார முடியாது. தமிழில் இத்தனை கோடிப் பேர் ஆங்கிலம் படிக்கிறோம். பொருள் பொருளாகப் பிரித்து, பேச்சுத் தமிழில் இணை கொடுக்கிற ஓர் இலவச அகராதி இன்னும் நமக்கு இல்லை. இது பெரிய குறை.

மாண்டரின் பேசும் சக ஊழியருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டுமானால் அவர்கள் மொழியிலேயே இரண்டு பிடி இருக்கின்றன. ‘காவ்-பு-ஜூ’ என்றால் சாய்ந்து நிற்க முடியாதது, அதாவது நம்ப முடியாத ஆளோ பொருளோ. ‘யோ வென்-டி’ என்றால் ‘பிரச்சினை இருக்கிறது’. ஒரு பொருளைக் காட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் நம் ‘ஏதோ கோளாறு இருக்கு’ போலவே விழும். முதலாவது ஆளுக்கும் இரண்டாவது டேட்டாவுக்கும் சரிவரும். இந்த இரண்டையும் சொல்லி, ‘இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்’ என்றால் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்க அகராதி. இது முக்கியமாகப் பிரிட்டிஷ் சொல் என்று அது முதலிலேயே சொல்லிவிடும். அந்த ஒரு தகவலுக்காகவே திறக்கலாம். அமெரிக்கருக்கு ‘டாட்ஜி’ புரியும், ஆனால் அவர் வாயில் அதே இடத்தில் ‘ஸ்கெட்சி’ வரும். இங்கே ஒரு பொறி. பிரிட்டிஷ் செய்தித்தாளில் ‘ஸ்கெட்சி டீடெயில்ஸ்’ என்றால் அரைகுறையான விவரங்கள். மோசடி வாடை அதில் கிடையாது. கிளையன்ட் நியூ ஜெர்சியா மான்செஸ்டரா என்று பார்த்துக்கொண்டு பொருள் கொள்ளுங்கள்.

அர்பன் டிக்ஷனரி 1999 முதல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். மேலே வருவது சிரிப்பு மூட்டியதற்காக வந்திருக்கலாம், சரியானது என்பதற்காக அல்ல. நேற்று முளைத்த சொல்லுக்கு வேறு வழியில்லாதபோது பார்க்கலாம். ‘டாட்ஜி’ நன்றாக நிலைத்துவிட்ட சொல். அதற்கு இங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுப் பிள்ளைகள் கையில் போன் இருக்கும்போது இந்தத் தளத்தைப் பரிந்துரைக்க வேண்டாம், ஆபாசம் ஏராளம்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் 2011 ஜூனில் வந்தது. அதைத்தான் பெரும்பாலோர் முதலில் திறக்கிறார்கள், அதுவும் ஒற்றைச் சொல்லைப் போட்டு. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஒற்றைச் சொல்லாகப் போட்டால் அது முழங்காலுக்கா புரோக்கருக்கா என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. ஏதோ ஒரு பொருளை எடுத்து முதலில் நிறுத்திவிடும். இரண்டாவது சிக்கல், அது தருகிற தமிழ் எழுத்துத் தமிழ். தெருவில் சொல்கிற சொல்லுக்கு மேடைத் தமிழ் கிடைக்கும். பொருள் ஓரளவு வந்தாலும் தொனி போய்விடும். ‘தட் சவுண்ட்ஸ் டாட்ஜி’ போன்ற வாக்கியத்தில் ‘சவுண்ட்ஸ்’ என்பது ஒலியைப் பற்றியதல்ல, ‘கேட்டாலே சந்தேகமா இருக்கு’ என்பது. இந்த மாதிரி இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பயன்படுத்தியே தீர வேண்டுமானால் முறை இது: முழு வாக்கியத்தைப் போடுங்கள், முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்த்து. வந்த தமிழை எடுத்துத் திருப்பி ஆங்கிலமாக்குங்கள். ‘சஸ்பிஷஸ்’ என்றோ ‘அன்ரிலையபிள்’ என்றோ திரும்பி வந்தால் சரி. ‘கிளெவர்’ என்று வந்தால் பொருள் மாறிவிட்டது.

காதுக்கு யூகிளிஷ். சொல்லைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அந்தச் சொல் வரும் நொடியிலிருந்து ஓட விடுகிறது; கீழே வசனம் எழுத்தில் வரும். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியில் பிரிட்டன் என்று வைத்துக்கொண்டு பத்துத் துணுக்குகளைத் தொடர்ந்து கேளுங்கள். ஐந்து நொடி பின்னால் போகும் பொத்தானை அழுத்தி முழு வாக்கியத்தையும் கேட்பது அவசியம். பத்தில் பலவற்றில் முன்னால் ‘எ பிட்’ ஒட்டிக்கொண்டு வருவதைக் காது தானே பிடித்துக்கொள்ளும். ‘லுக்ஸ்’, ‘சவுண்ட்ஸ்’ இரண்டும் அடுத்த துணைகள். எந்த அகராதியும் இந்த ஒட்டுறவை இவ்வளவு அழுத்தமாகப் பதிய வைப்பதில்லை.

உச்சரிப்பில் நாம் செய்கிற தவறு மூன்று வகை. ‘டோட்ஜி’ என்று நீட்டுவது. நடுவிலுள்ள டி-யைத் தனியாக அழுத்தி ‘டாட்-ஜி’ என்று இரண்டாக உடைப்பது. ஜி-யைப் பார்த்து ‘டாகி’ என்று நாய்க்குட்டியாக்குவது. டி-யும் ஜி-யும் சேர்ந்து ஒரே ஒலி, நம் ‘ஜ’தான். பிரிட்டிஷ் வாயில் முதல் உயிர் குறில். வாயை நன்றாகத் திறந்து சட்டென்று முடிக்கிற ‘ஒ’ மாதிரி இருக்கும். தமிழில் ‘டாட்ஜி’ என்று எழுதுவது கண்ணுக்குப் பழகியதற்காகத்தான், அதைப் பார்த்து ஆ-வை இழுக்க வேண்டாம். மாண்டரின்காரருக்குச் சிக்கல் வேறு இடத்தில். அந்த மொழியில் ஒலிகள் மூச்சு அழுத்தத்தால் பிரிகின்றன, அதிர்வால் அல்ல. அதனால் அவர் சொல்வது நம் காதில் ‘டாச்சி’ என்று விழலாம். மீட்டிங்கில் ‘டாச்சி’ என்று ஏதோ கேட்டால் புதுச் சொல் என்று தேடாதீர்கள்.

இனி மிக முக்கியமான பகுதி, தமிழ் இணை. எந்தக் கருவியும் இதைச் செய்து தரவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே.

ஆளுக்கும் பணவிவகாரத்துக்கும் ‘டுபாக்கூர்’ என்ற சென்னைச் சொல் உடனே நாக்கில் வரும். பாதி பொருந்தும். ‘டுபாக்கூர் கம்பெனி’ என்றால் போலி என்று முடிவே கட்டிவிட்டோம். ‘டாட்ஜி கம்பெனி’ என்றால் இன்னும் முடிவு கட்டவில்லை, மனசு ஒப்பவில்லை. ‘ஃபோர் ட்வென்டி’ இன்னும் கடுமை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு மோசடிக்கானது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318ஆம் பிரிவுக்குள் போய்விட்டாலும் பேச்சில் எண் மாறவில்லை. அதைச் சொன்னால் குற்றச்சாட்டு. ‘கோல்மால்’, ‘தில்லுமுல்லு’ இரண்டும் செயலுக்குப் பொருந்தும். ஆளைச் சொல்ல மிக நெருங்கி வருவது ‘ஆளு ஒரு மாதிரி’. அதே தயக்கம், அதே ஆதாரமின்மை. ஆனால் தமிழில் ‘ஒரு மாதிரி’ ஒருவருடைய ஒழுக்கத்தின் மேலும் மனநிலையின் மேலும் கைவைக்கிற சொல். பெண்ணைப் பற்றிச் சொன்னால் அசிங்கமாகிவிடும். ‘டாட்ஜி’யில் அந்த நிழல் கிடையாது. அதனால் ‘நம்பிக்கையா இல்ல’, ‘ஏதோ இடிக்குது’ என்று பெயர்ப்பதே பாதுகாப்பு.

பொருளுக்கும் உறுப்புக்கும் ‘மக்கர்’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு? வண்டி மக்கர் பண்ணுகிறது, ஸ்விட்ச் மக்கர் பண்ணுகிறது, முட்டி மக்கர் பண்ணுகிறது. அப்படியே ‘டாட்ஜி’. நாற்காலி என்றால் ‘ஆட்டம் காணுது’. வயிற்றுக்கு ‘சரியில்ல’ போதும். இறாலில் மட்டும் கவனம்: ‘ஊசிப்போச்சு’ என்றால் கெட்டது உறுதி, முகர்ந்தாலே தெரியும். ‘டாட்ஜி இறால்’ என்பது, தின்னும்போது தெரியாமல், ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘அந்த இறால்தான் போல’ என்று சந்தேகப்படுவது.

இடத்துக்கும் சூழ்நிலைக்கும் தமிழில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: ‘வில்லங்கம்’. வில்லங்கமான ஏரியா, வில்லங்கமான ஆள், வில்லங்கமான நிலம் என்று மூன்றிலும் ‘டாட்ஜி’ உட்கார்ந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்கிற வில்லங்கச் சான்று மட்டும் வேறு. அதில் வங்கிக் கடனுக்கான ஒழுங்கான அடமானம்கூடப் பதிவாகியிருக்கும். அந்த நிலத்தை ‘டாட்ஜி’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் வாங்குகிறவர் ஓடிவிடுவார். பட்டாவில் பெயர் ஒன்று, பத்திரத்தில் பெயர் ஒன்று என்றால் அதுதான் ‘டாட்ஜி’.

டேட்டாவுக்கு ‘ஏதோ கோளாறு இருக்கு’. லண்டன் மெயிலில் வந்ததும் பதற வேண்டாம். பொருளைச் சுட்டித்தான் சொன்னார், ஆளைச் சுட்டவில்லை. ‘எந்த வரிசை, எந்தக் கட்டம்?’ என்று கேட்டு எழுதினால் போதும்.

இப்படி நீங்களே இணை தேடும்போது கையோடு வைத்துக்கொள்ள க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பரிந்துரைக்கிறோம். 1992இல் முதலில் வந்து, 2008இலும் 2020இலும் விரிந்த நூல். அது தமிழிலிருந்து போகிற அகராதி, ஆங்கிலச் சொல்லை அதில் தேட முடியாது. ஆனால் ஒரு தமிழ்ச் சொல் பேச்சு வழக்கா, உயர் வழக்கா, வட்டார வழக்கா என்று குறிப்புப் போட்டுச் சொல்லும். பேச்சு வழக்குச் சொல்லுக்குப் பேச்சு வழக்குச் சொல்லைத்தான் இணைக்கிறோமா என்று சரிபார்க்க அதைவிட்டால் வேறு இல்லை. 1960களில் வந்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ் அகராதி பெரும் உழைப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் தேடலாம். கலைச்சொற்களுக்கும் எழுத்து ஆங்கிலத்துக்கும் அதை மதித்துத் திறக்கலாம். இந்த வகைப் பேச்சுச் சொல்லுக்கு அது எழுதப்படவே இல்லை. தமிழ் விக்சனரிக்கும் ஏறக்குறைய அதே தீர்ப்பு.

எங்கே சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு பொதுப்பதிவே சாட்சி. 2016 ஏப்ரல் 11 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் டென்னிஸ் ஸ்கின்னர், அன்றைய பிரதமர் டேவிட் கேமரனை ‘டாட்ஜி டேவ்’ என்றார். திரும்பப் பெறச் சொல்லிச் சபாநாயகர் கேட்டார், அவர் மறுத்தார், அன்றைய மிச்ச நாளுக்கு வெளியேற்றப்பட்டார். ஆளின் பெயரோடு சேர்ந்தால் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை. அதே நாட்டில் 2003 பிப்ரவரியில் ஈராக் பற்றி அரசு கொடுத்த ஆவணத்துக்கு ‘டாட்ஜி டோசியர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து பகுதிகளை அப்படியே எடுத்திருந்தது தெரியவந்ததும் வந்த பெயர். ஆவணத்தைச் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் வெளியேற்றப்படவில்லை. இந்த இரண்டு நிகழ்வையும் நினைவில் வைத்தால் விதி தனியாக வேண்டாம்: பொருளைச் சொல்லலாம், ஆளைச் சொல்லுமுன் யோசிக்க வேண்டும். அலுவலக மெயிலில் சக ஊழியரையோ வெண்டரையோ இப்படி எழுதினால் அது எழுத்தில் பதிந்த குற்றச்சாட்டு.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்பது, இதைப் போட்டால் மதிப்பெண் ஏறுமா என்று. பேச்சுத் தேர்வில், இடம் அறிந்து சொன்னால் உதவும். சொல்வளத்தில் 7ஆம் பேண்டுக்கான விவரணையே, அதிகம் புழங்காத சொற்களையும் மரபுத்தொடர்களையும் பயன்படுத்துவதோடு நடையறிவும் இருக்க வேண்டும் என்கிறது. அகாடமிக் எழுத்துத் தேர்வில் வேண்டாம். அங்கே ‘குவெஸ்ச்சனபிள்’, ‘அன்ரிலையபிள்’ எழுதுங்கள். ஜெனரல் டிரெய்னிங்கில் நண்பருக்கு எழுதும் கடிதத்தில் ஒருமுறை வரலாம். ஓ.இ.டி. பரிந்துரைக் கடிதத்தில் நோயாளி சொன்ன ‘டாட்ஜி முழங்கால்’ அப்படியே போகக் கூடாது. வலியா, வீக்கமா, மடங்கி விழுகிறதா என்று கேட்டு அதை எழுத வேண்டும்.

இன்னொரு தவறு நம்மிடம் மட்டுமே பார்ப்பது. ‘சுமார்’ என்ற பொருளில் இதைப் போடுவது. பரீட்சை மதிப்பெண் குறைவு என்று சொல்ல ‘மை மார்க்ஸ் ஆர் டாட்ஜி’ என்றால், மதிப்பெண்ணில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர் நினைப்பார். ‘மை இங்கிலீஷ் இஸ் எ பிட் டாட்ஜி’ என்பது சரி, ஏனென்றால் அது எப்போது காலை வாரும் என்று தெரியாத ஒன்று. வானத்தைப் பார்த்து ‘வெதர் டாட்ஜி’ என்பதும் சரி. மழை வரும் போலிருக்கிறது, திட்டம் போட முடியாது.

ஆக, இந்தச் சொல்லுக்கு மொத்த வேலை பதினைந்து நிமிடம். கோபில்டில் தொனி, ஆக்ஸ்ஃபோர்டில் பொருள் பிரிப்பும் ஒலியும், யூகிளிஷில் பத்துத் துணுக்கு, பிறகு மேலே சொன்ன தமிழ் இணைகள். சீன நண்பர் பக்கத்தில் இருந்தால் கேம்பிரிட்ஜ். ‘இஃபி’, ‘ஷேடி’, ‘ஃபிஷி’ என்று இதன் சுற்றத்தார் யாரைச் சந்தித்தாலும் இதே வரிசை வேலை செய்யும்.

அச்சுப் பிரதிதான் வேண்டும் என்கிறவர்கள், முதலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ எழும்பூர் கன்னிமாராவிலோ புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பழைய புத்தகமாக வாங்க அல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளும் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டும் இருக்கின்றன. இந்தச் சொல்லுக்குப் பத்திருபது வருடப் பழைய கோபில்டு பதிப்பே தாராளம், பொருள் மாறவில்லை. வாங்குமுன் இரண்டு விஷயம். பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து ஆண்டும் பதிப்பகமும் தெளிவாக இருக்கின்றனவா பாருங்கள்; அந்தப் பக்கமே இல்லாவிட்டால் நகல் அச்சு. பிறகு டி பகுதியில் இந்தச் சொல்லின் உச்சரிப்புக் குறியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நகல் அச்சில் மை படர்ந்து, குறில் உயிருக்கான குறியும் ஜ-வுக்கான குறியும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.